முகப்புக் கண்ணாடியில் ஒரு வடு

சென்ற மார்கழியில் என் பெற்றோர் ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருந்தனர். தாஜ்மகாலைக் காணவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாளைய ஆசை. கரோல்பாகில் வாழும் சித்தப்பா தம் காரை மனமுவந்து கொடுத்தார். ஆக்ராவிலிருந்து திரும்பும்போது மதுராவைத் தாண்டியதும், முன்னே சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு சரளைக்கல் தெறித்து வந்து முகப்புக் கண்ணாடியில் மோதியது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி; அதைச் சுற்றி மயிரிழைபோல் மூன்று கோடுகள். அவ்வளவுதான்.

“சித்தப்பாவிடம் சொல்லிவிடு” என்றார் அப்பா. சொல்லக் கூச்சமாக இருந்தது. ‘இத்தனை சிறிய புள்ளிதானே, அவர் கண்ணில் படவா போகிறது!’ என்று எண்ணி, வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு விடுதிக்கு வந்துவிட்டேன். அந்த மௌனத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்வதோடு, கண்ணாடியின் இயல்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் வண்டியில் இருவகைக் கண்ணாடிகள் உண்டு. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதமேற்றிய கண்ணாடிகள். அறுநூறு பாகைக்கு மேல் சூடேற்றி, குளிர்ந்த காற்றைப் பாய்ச்சித் திடீரெனக் குளிரவைத்துச் செய்யப்படுபவை. இவை உடைந்தால் கூர்முனை அதிகமின்றிக் கற்கண்டுபோலச் சிறு சிறு துண்டுகளாகச் சிதறும். முகப்புக் கண்ணாடியோ அவ்வாறு சிதறலாகாது. சிதறினால் ஓட்டுபவர் கண்ணுக்குப் பாதை தெரியாமற் போகும். எறியப்பட்டவர் வெளியே போய் விழவும் கூடும். ஆகவே அதனை அடுக்குக் கண்ணாடியாகச் செய்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரு கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒட்டும் படலம். கண்ணாடி விரிந்தாலும் துண்டுகள் அப்படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

இதன் பிறப்பு ஒரு தற்செயல் என்பர். 1903-ஆம் ஆண்டில் எதுவார் பெனெதிக்தஸ் என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே ஒழியச் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து உட்புறத்தில் படலமாகப் படிந்திருந்ததே காரணம். 1909-இல் அவர் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

சரி, துவரம்பருப்பு அளவுள்ள புள்ளியால் என்ன தீங்கு? ஆங்கிலப் பொறியியல் அறிஞர் கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை கிடைக்கிறது. கண்ணாடியின் வலிமை, அதன் பொருளைவிட அதிலுள்ள நுண்ணிய விரிசல்களைப் பொறுத்தது. கண்ணாடியை இழுக்கும் விசை முழுவதும் விரிசலின் கூர்முனையில் வந்து குவிகிறது. விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டுவதற்கு வேண்டிய விசை குறைந்துகொண்டே போகிறது. புதுத்துணியைக் கையால் கிழிப்பது கடினம். ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டால் எளிதன்றோ? அதைப் போன்றதே இதுவும். விரிசலுக்குள் ஈரம் புகுந்தால் நிலைமை இன்னும் கேடாகும். விரிசல் முனையில் கண்ணாடியின் அணுப்பிணைப்புகளை நீர் அறுத்து, விரிசல் மெல்ல மெல்ல ஊர வழிசெய்கிறது. நானோ வண்டியை நன்றாகக் கழுவி வைத்திருந்தேன்!

மூன்று வாரம் கழிந்தது. ஜனவரியில் பனிமூட்டம் நிறைந்த ஒரு காலை. சித்தப்பா அலுவலகம் புறப்பட்டு, கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க உள்ளே வெப்பக்காற்றை முழு வேகத்தில் திருப்பினார். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி 40 பாகை சூடேறினால் மூன்றிலொரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். உட்புறம் சூடேறி நீளப் பார்க்க, குளிர்ந்திருக்கும் வெளிப்புறம் இழுபடுகிறது. புள்ளி இருந்ததோ வெளிப்புறத்தில். அவர் கண்ணெதிரே அது ஒரு சாண் நீளக் கோடாக ஓடியது. மாலைக்குள் ஓரத்தை எட்டிவிட்டது. வேனிற்காலத்தில் வெயிலில் காய்ந்த காரில் ஏறியவுடன் குளிர்காற்றை முழுவதும் திருப்புவதும் இத்தகைய விபரீதத்தை உண்டாக்கும்.

தொலைபேசியில் செய்தி கேட்டதும் நடந்ததை ஒப்புக்கொண்டேன். சித்தப்பா கோபிக்கவில்லை. “அன்றைக்கே சொல்லியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்குமேடா!” என்றார். அதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறன்று இருவரும் காஷ்மீரி கேட் பகுதியில் கண்ணாடி பொருத்தும் கடை ஒன்றுக்குச் சென்றோம். முதியவரான மிஸ்திரி விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். “சிறு புள்ளியானால் அடைத்துவிடலாம், பேட்டா. ஓரத்தைத் தொட்டுவிட்டால் மாற்றத்தான் வேண்டும்” என்றார். அன்று அவர் வேறொரு வண்டியில் புள்ளியை அடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நின்றேன்.

முதலில் ஊசியால் தூளை நீக்கி, ஈரத்தைப் போக்கினார். பிறகு உறிஞ்சு குமிழால் ஒட்டி நிற்கும் சிறு கருவியைப் புள்ளியின் மேல் பொருத்தி, விரிசலுக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். அடுத்து அதே கருவியால் பிசினை அழுத்திச் செலுத்தினார். புறஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டியதும் பிசின் இறுகியது. வெயிலிலும் புறஊதாக் கதிர் உண்டு. ஆகையால்தான் நிழலில் வேலை செய்கிறார்கள். மிஞ்சியதைப் பிளேடால் சுரண்டி மெருகிட்டார். ஏறக்குறைய அரை மணி நேரம். வெள்ளைப் புள்ளி மறைந்து மங்கலான ஒரு வடு மட்டும் எஞ்சியது.

மறைந்தது எப்படி? விரிசல் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் அதனுள் இருக்கும் காற்று. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது. பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் 1.52-க்கு நெருங்கியது. காற்றின் இடத்தைப் பிசின் பிடித்ததும் ஒளி தடையின்றிக் கடந்து செல்கிறது. விரிசலின் கூர்முனையும் ஒட்டப்படுவதால் அது மேலும் ஓடுவதும் நிற்கிறது.

எல்லாவற்றையும் அடைக்க இயலாது. விரிசல் ஓரத்தை எட்டியிருந்தாலோ, உட்தகடும் உடைந்திருந்தாலோ, ஓட்டுபவரின் நேர்பார்வையில் பெரிதாக விழுந்திருந்தாலோ மாற்றுவதே முறை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் சக்கரத்துக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதத்தையும், துடைப்பான் துடைக்கும் பிற இடங்களில் 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதையும் ஏற்பதில்லை. நமக்கும் இது நல்ல அளவுகோல்.

மாற்றும் வேலையிலும் கவனிக்க வேண்டியன உண்டு. 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் பொருத்தினார்கள். இன்றைய கார்களில் யூரிதேன் பசையால் உடலோடு ஒட்டுகிறார்கள். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதிலும், பக்கத்து இருக்கையின் காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதிலும் அக்கண்ணாடிக்குப் பங்குண்டு. பசையோ காற்றின் ஈரத்தை ஏற்று மெல்ல இறுகுவது. “எத்தனை மணி கழித்து ஓட்டலாம்?” என்று கேட்டறியாமல் வண்டியை எடுக்கலாகாது. முதல் நாள் கதவை அறைந்து சாத்தக்கூடாது. பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வைக்கவேண்டும். கண்ணாடியின் பின்னே காமிரா உள்ள வண்டியானால் அதை மீண்டும் அளவுசெய்து சீராக்க வேண்டும். மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு? மூன்றாம் நபருக்கு மட்டுமான பத்திரத்தில் கண்ணாடிக்கு ஈடு கிடையாது. விரிவான பத்திரத்தில் கண்ணாடிப் பகுதிகளுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. எனினும் ஈடு கோரினால், அதற்கெனத் தனிச்சேர்க்கை எடுத்திருந்தாலன்றி, கோராமைச் சலுகை போய்விடும். சித்தப்பா ஐந்தாண்டு ஈடு கோராதிருந்து 50 விழுக்காடு சலுகை பெற்றிருந்தார். அவ்வளவும் என்னால் போயிற்று.

எனவே அன்பர்களே, கல் பட்டவுடன் புள்ளியின் மேல் தெளிவான ஒட்டு நாடாவை ஒட்டி, நீரும் தூசும் புகாமல் காத்திடுங்கள். வண்டியைக் கழுவாதீர்கள். கடுஞ்சூட்டையும் கடுங்குளிரையும் அதன்மேல் செலுத்தாதீர்கள். சில நாட்களுக்குள் அடைத்துவிடுங்கள். வண்டி இரவல் வண்டியானால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக உரியவரிடம் சொல்லிவிடுங்கள். என் உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதியைச் சித்தப்பாவிடம் கொடுக்கிறேன். வேண்டாமென்று மறுத்தவர், என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். பொங்கல் விடுமுறைக்கு மறுவாரம் மீண்டும் சாவியை என் கையில் கொடுத்தார். அதுதான் எனக்குப் பெரிது.