எழுப்புவதும் வெயில்! கெடுப்பதும் வெயில்!
சூரியத் தகட்டில் ஒரு விந்தை

வெயிலில் நின்றால் மனிதனுக்குச் சோர்வு வரும். ஆனால் ஒரு வகைச் சூரியத் தகட்டுக்கு வெயில் பட்ட பிறகுதான் சுறுசுறுப்பே வருகிறது! இருட்டில் இருந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்தால், அது உடனே ஒழுங்காக வேலை செய்வதில்லை. சில நிமிடங்கள் போன பிறகே முழு மின்சாரத்தையும் தருகிறது.

விந்தை அதோடு முடியவில்லை. எந்த வெளிச்சம் அதை எழுப்பியதோ, அதே வெளிச்சம் நாளடைவில் அதைக் கெடுத்தும் விடுகிறது!

காரணம் என்ன? விஞ்ஞானிகள் கண்டறிந்ததைப் பார்ப்போம்.

மை போன்ற தகடு

வீட்டு மாடிகளில் கருநீல நிறத்தில் மின்னும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சிலிக்கான் என்ற பொருளால் ஆனவை. 1954-ம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அத்தகைய சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். தன் மீது விழுந்த சூரிய சக்தியில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக மாற்றியது.

நாம் சொல்ல வந்த தகடு வேறு வகை. அது கரிமப் பொருளால் ஆனது. அதாவது, பிளாஸ்டிக்கும் சாயமும் எந்த இனமோ, அதே இனம். அதை மை போலக் கரைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் பூசலாம். எடை குறைவு. தாளைப் போல வளைக்கலாம்.

கோடாக் கம்பெனியின் விஞ்ஞானி சிங் டாங், 1986-ம் ஆண்டு இரண்டு அடுக்குக் கரிமத் தகட்டைப் பற்றி அறிவித்தார். அது நூற்றுக்கு 1 பங்கு சக்தியைத்தான் மாற்றியது. இன்றோ, ஆராய்ச்சிக் கூடங்களில் செய்த சிறு தகடுகள் நூற்றுக்கு 19 பங்கைத் தாண்டிவிட்டன!

அடைபட்ட வாசல்

வெளிச்சம் கரிமப் படலத்தின் மேல் விழுந்ததும், எலெக்ட்ரான் எனப்படும் மின் துகள்கள் விடுபடுகின்றன. அவை ஒரு பக்கமாக வெளியேறினால்தான் மின்சாரம் கிடைக்கும். அவை வெளியேற ஒரு வாசல் வேண்டும் அல்லவா?

உலோக ஆக்சைடு படலம்தான் அந்த வாசல். ஆக்சைடு என்பது உலோகமும் பிராண வாயுவும் சேர்ந்த பொருள். பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் ஆக்சைடு உபயோகிக்கிறார்கள். உடம்பு அரிப்புக்குத் தடவும் காலமைன் மருந்திலும் துத்தநாக ஆக்சைடு உண்டு. தகட்டில் இது, தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இராது!

இருட்டில் இருக்கும்போது, காற்றிலுள்ள பிராண வாயு இந்த ஆக்சைடின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அங்குள்ள எலெக்ட்ரான்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாசல் அடைபடுகிறது.

சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் இருக்கின்றன. துணியின் சாயத்தை வெளுக்க வைப்பவை இவைதான். இவை பட்டதும், ஒட்டியிருந்த பிராண வாயு விலகுகிறது. பிடிபட்ட எலெக்ட்ரான்கள் விடுதலை பெறுகின்றன. வாசல் திறக்கிறது. தகடு விழித்துக்கொள்கிறது!

வினையும் அங்கேதான்

வெளிச்சம் பட்ட ஆக்சைடு சும்மா இருப்பதில்லை. ஜப்பானைச் சேர்ந்த புஜிஷிமா, ஹோண்டா என்ற விஞ்ஞானிகள், தண்ணீருக்குள் வைத்த டைட்டானியம் ஆக்சைடின் மேல் புற ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். தண்ணீரே பிரிந்து வாயுவாக வெளிப்பட்டது! 1972-ம் ஆண்டு இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

பல வருஷம் வெயிலில் நின்ற வெள்ளைச் சுவரைத் தொட்டால், கையில் மாவு போல ஒட்டுகிறதே, ஏன்? பெயிண்டில் உள்ள டைட்டானியம் ஆக்சைடு வெயிலின் துணையோடு பெயிண்டின் பசையை அரித்துவிடுவது அதற்கு ஒரு காரணம்.

தகட்டிலும் இதே கதைதான். புற ஊதாக் கதிர் பட்ட துத்தநாக ஆக்சைடு, தன்னை ஒட்டியிருக்கும் கரிமப் பொருளின் அணுப் பிணைப்புகளை உடைக்கிறது. மின்சாரம் நாளுக்கு நாள் குறைகிறது.

தப்பிக்க என்ன வழி?

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தாளை மேலே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். சூரிய சக்தியில் அந்தக் கதிர்களின் பங்கு சிறிதுதான். அதனால் நஷ்டம் அதிகமில்லை. ஆனால் அந்தக் கதிர் படாவிட்டால் வாசல் திறக்காதே!

இதற்கும் வழி கண்டார்கள். துத்தநாக ஆக்சைடில் சிறிதளவு அலுமினியம் கலந்தார்கள். எலெக்ட்ரான்கள் பெருகின. புற ஊதாக் கதிரை எதிர்பாராமலே வாசல் திறந்தது!

புற ஊதாக் கதிரைக் குறைவாக ஈர்க்கும் வெள்ளீய ஆக்சைடை உபயோகிப்பது இன்னொரு வழி. ஆக்சைடும் கரிமப் பொருளும் நேராகத் தொடாதபடி, நடுவே மிக மெல்லிய படலம் பூசுவது மற்றொரு வழி.

சிலிக்கான் தகடுகளுக்குப் பல கம்பெனிகள் 25 வருஷ உத்தரவாதம் தருகின்றன. கரிமத் தகடு அதோடு போட்டியிட வேண்டுமானால், நிறைய மின்சாரம் தந்தால் மட்டும் போதாது. வெயிலைத் தாங்கி நீடித்து உழைக்கவும் வேண்டும்.

ஆகவே, எந்தச் சூரியத் தகட்டை வாங்கப் போனாலும், "எவ்வளவு மின்சாரம் தரும்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை வருஷம் வெயிலைத் தாங்கும்?" என்றும் கேளுங்கள்!