பொண்ணுங்க ரெய்டு எந்த சேனல்ல?

பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டை லைவ்ல ரசிச்சிருப்பீங்க. ஆளை ஆள் மடக்கிப் பிடிக்கிற ஆட்டத்தையும் உலகம் அப்படிப் பார்க்குமா? பார்க்குது பாஸ்!

ரக்பி லீக்கில் ஒரே அணி பந்தை விடாமல் வைத்திருந்தால் செம போர். 1966-ல் இங்கிலாந்தில், பிபிசி டிவிக்காகவே நடந்த போட்டியில் புது விதி வந்தது: நாலு தடவை மடக்கிட்டா, பந்தை அப்படியே தொடர்ந்து வச்சிருக்க முடியாது! பிறகு அது ஆறு தடவையானது. ஆட்டத்தில் விறுவிறுப்பு கூடியது.

நம்ம கபடிக்கும் அதே ஃபார்முலாதான். 2014-ல் டிவிக்கு வந்த புரோ கபடியில், ரெண்டு ரெய்டு சும்மா போய் வந்தா, மூணாவதுல பாயின்ட் எடுக்கணும். இல்லேன்னா அவுட்! ஈரான் வீரர் ஃபசல் அட்ராச்சலிக்கு இங்கே ரசிகர் பட்டாளமே உண்டு.

ஆனா பொண்ணுங்க? 2016-ல் மூணே அணிகளோடு பெண்கள் கபடி சேலஞ்ச் வந்தது. அடுத்த வருஷம் காணோம்! ஆஸ்திரேலிய ரக்பி லீக்கோ 2018-லேயே பெண்களுக்குத் தனி லீக் தொடங்கி, டிவியிலும் காட்டிட்டு வருது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் ஜெயித்தது. அதில் ஆடிய கார்த்திகா, நம்ம சென்னை கண்ணகி நகர்ப் பொண்ணு!

உங்க காலேஜ் பொண்ணுங்க மேட்ச் எப்போ? முதல்ல நீங்க போய் உட்காருங்க. கூட்டம் சேர்ற இடத்துக்குத்தான் கேமரா வரும்!