கடல் கடந்து வந்த பியானோவும் சென்னையின் ஈரக்காற்றும்

கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலையில், 1815-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. இத்தகைய தேவாலயங்களின் ஆர்கன்களும் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் இருந்த பியானோக்களும் கப்பலேறி வந்தவை. அவற்றைப் பழுதுபார்க்கவும் விற்கவும் 1842-இல் சென்னையில் தொடங்கியது மிஸ்க்வித் நிறுவனம். பின்னர் கைமாறி, மியூசி மியூசிகல் என்ற பெயரில் இன்றும் அண்ணா சாலையில் நடக்கிறது.

ஒரு இசைக்கருவிக் கடைக்குப் பழுதுபார்க்கும் வேலை ஏன் இவ்வளவு முக்கியம்? பியானோவின் உள்ளே பார்த்தால் விளங்கும். கட்டையை அழுத்தியதும் கம்பளி சுற்றிய சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகும். 88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 230 எஃகுக் கம்பிகள். அடிமட்டச் சுரங்களுக்கு ஒரு கம்பி போதும். மேல் சுரங்களுக்கு மூன்று வேண்டும். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 18 டன். அதை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. கம்பியின் மெல்லிய அதிர்வை அறை நிறையக் கேட்கச் செய்வது ஸ்புரூஸ் மரப்பலகை.

சிக்கலே அந்தப் பலகையில்தான். ஐப்பசி மழையில் அது ஈரம் குடித்து உப்பும். கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். காற்று உலர்ந்தால் பலகை சுருங்கிச் சுருதி இறங்கும். ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தினால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கம்பளியைப் பூச்சி அரிக்கும், பழைய பசை விட்டுப்போகும். இதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்றே, ஒட்டிய இடங்களில் திருகாணியும் முடுக்கி ஐரோப்பியர்கள் பியானோ செய்து அனுப்பினார்கள்.

சுருதி சேர்ப்பவர் காதை நம்பி வேலை செய்கிறார். ஒரே சுரத்தின் இரண்டு கம்பிகளில் ஒன்று விநாடிக்கு 440 முறையும் மற்றொன்று 442 முறையும் அதிர்ந்தால், ஒலி விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அந்த அலைவு அடங்கும்வரை கம்பி சுற்றிய ஆணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஒவ்வொரு கம்பிக்கும் இதே பொறுமை வேண்டும்.

கருவி நிலைக்க வாசிப்பவர்களும் வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகள் மியூசி மியூசிகல் கடையின் வழியே சென்னை மாணவர்களை எட்டின. இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜாவும் டிரினிட்டியின் கிட்டார் தேர்வில் தேறியவர்தான். இந்தப் பயிற்சி திரையிசை வழியாகத் தமிழர் செவிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

இறக்குமதி ஒருநாள் வேலை. பராமரிப்பு தலைமுறைகளின் வேலை. பியானோ வாங்க நினைப்பவர்கள் விலை கேட்கும் முன், ஆண்டுக்கு இரண்டு முறை வந்து சுருதி சேர்க்க யார் இருக்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கைத்தொழிலைக் கற்க இளைஞர்கள் வந்தால்தான் சென்னையின் பியானோக்கள் தொடர்ந்து பாடும்.