குழந்தைகளோடு லாங் டிரைவ்: முதல் நாள் எவ்வளவு தூரம் போகலாம்?

விடுமுறை அறிவிப்பு வந்ததுமே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இந்தத் திட்டம் ஓட ஆரம்பிக்கும்: "நைட் 3 மணிக்குக் கிளம்பிடலாம். பசங்க தூங்கிட்டே வருவாங்க, ரோடும் ஃப்ரீயா இருக்கும்." சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ. மதியச் சாப்பாடு திருநெல்வேலி, சாயங்காலம் கடற்கரை. கேட்க நல்லாத்தான் இருக்கு.

பசங்க தூங்குவாங்க, சரி. வண்டி ஓட்டுறவர் எப்போ தூங்கினார்?

கிளம்புவதற்கு முந்தைய நாள் எப்படிப் போகும் என்று நமக்கே தெரியும். ஆபீஸ் வேலை, பேக்கிங், ஃப்ரிட்ஜைக் காலி செய்வது, பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடும் என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் வாகனம் ஓட்ட சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03% தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டிய நிலைக்குப் போய்விடுகிறோம். நடுவில் ஒன்றரை மணி நேரம் கண் அசந்தால் இந்தக் கடன் தீராது. அதுவும் அதிகாலை 2 முதல் 6 மணி வரைதான் நம் உடல் கடிகாரம் 'தூங்கு' என்று சொல்லும் நேரம். காபியும் ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டும் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அதனால் முதல் நாள் இலக்கைத் திருச்சியோடு நிறுத்திப் பாருங்கள். சுமார் 330 கி.மீ. இரவு நன்றாகத் தூங்கி, காலை 6 மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்தினால்கூட மதியச் சாப்பாட்டை ஒட்டிப் போய்விடலாம். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை இன்னொரு தூக்க அலை வரும். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டீயரிங் பின்னால் இருக்க மாட்டீர்கள், லாட்ஜ் ரூமில் இருப்பீர்கள்.

மடியில்தான் பாதுகாப்பா?

"அம்மா மடியைவிட எது சேஃப்?" என்று பாட்டி கேட்பார். பாசம் சரி, பௌதிகம் வேறு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதன் மீதோ மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, கிட்டத்தட்ட 140 கிலோவைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். யாராலும் முடியாது. முன் சீட் மடி இன்னும் மோசம். விரியும் ஏர்பேக், நேராகக் குழந்தை மேல்தான் மோதும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். பெரியவர்களுக்கான பெல்ட், சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை பிள்ளைகளுக்குச் சரியாகப் பொருந்தாது. கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தும். அதுவரை பின் சீட்டில் பூஸ்டர் சீட் வேண்டும். மொத்த பட்ஜெட்டில் நான் முதலில் பணம் ஒதுக்கச் சொல்வது இதற்குத்தான், ரிசார்ட்டுக்கு அல்ல.

பூஸ்டரில் இன்னொரு லாபமும் இருக்கு. உயரமாக உட்கார்ந்தால் பிள்ளைக்கு வெளியே ரோடு தெரியும். வாந்தி பெரும்பாலும் பூரி மசாலாவால் மட்டும் வருவதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. முன் சீட்டின் முதுகையோ டேப்லெட்டையோ பார்க்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். 2 முதல் 12 வயதுக்காரர்களுக்கு இது அதிகம். 'அழாமல் வரட்டும்' என்று கையில் கொடுக்கும் போனே வாந்தியை வரவழைக்கலாம். பாட்டு, கதை, எதிரே வரும் லாரி கலரை எண்ணுவது... எதுவானாலும் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும். காலையில் இட்லி போதும். மாத்திரை தேவையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

"அப்பா, அவசரம்!"

இது கட்டாயம் வரும், அதுவும் டோல்கேட்டைத் தாண்டிய அஞ்சாவது நிமிஷம் வரும். ஹைவே ஓரத்தில் நிறுத்துவதைவிட, அடுத்த பெட்ரோல் பங்க் வரை சமாளிப்பது நல்லது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இண்டிகேட்டர் நான்கும் எரியட்டும். பிள்ளைகள் இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்கட்டும். வலப்பக்கப் பின்கதவில் சைல்டு லாக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். தூங்கும் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது வேண்டவே வேண்டாம். வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி வரை ஏறிவிடும். வண்டி மக்கர் செய்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

அவசரமில்லாத நாள் என்பதால் வழியில் ஓர் இடமும் பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன டைனோசர் காலத்து மரம் ஒன்று கிடக்கிறது. 'டைனோசர்' என்று சொன்னாலே பின் சீட்டில் சண்டை நின்றுவிடும். (அணை இருக்கும் சாத்தனூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மேப்பில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.) அங்கே போனால் திருச்சிக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும். அப்படியென்றால் மதியச் சாப்பாட்டைப் பெரம்பலூரிலேயே முடித்துக்கொண்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துக் கிளம்புங்கள்.

திருச்சியில் சாயங்காலம் பிள்ளைகளை ஓட விடுங்கள். ஸ்ரீரங்கம் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, மலைக்கோட்டைப் படிகள் இருக்கின்றன. நாள் முழுக்கப் பெல்ட்டில் கட்டிப்போட்ட கால்கள் அவை. ராத்திரி 9 மணிக்குத் தானாகத் தூங்கிவிடுவார்கள், நீங்களும்தான். மறுநாள் மீதி 370 கி.மீ. காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பினாலே போதும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே, சூரியன் மறைவதற்குள் கன்னியாகுமரி போய்விடலாம்.