1991: சோவியத் உடைந்த ஆண்டில் குடவாசல் வயலுக்கு வந்த '205' கணக்கு... அப்போது நடந்தது என்ன?

1991-னு சொன்னதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஸ்ரீபெரும்புதூர். மே 21 இரவு ராஜீவ் காந்தி படுகொலை. உலக அளவில் கேட்டால் வளைகுடாப் போர், சோவியத் யூனியன் உடைந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் மன்மோகன் சிங்கின் முதல் பட்ஜெட்டைச் சொல்வார்கள். நீங்கள் இந்தச் செய்தியைப் படிக்கிற இணையத்துக்கும் அந்த ஆண்டோடு தொடர்பு உண்டு. 'வேர்ல்டு வைட் வெப்' பற்றி டிம் பெர்னர்ஸ் லீ பொதுவெளியில் அறிவித்தது 1991 ஆகஸ்ட் 6-ம் தேதிதான்.

ஆனால் குடவாசல், நன்னிலம், வலங்கைமான் பக்கம் வயதான விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் 1991 வேறு. அதில் ஒரு எண் இருக்கும்: 205.

அது என்ன 205?

1991 ஜூன் 25-ல் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது. ஜூன் முதல் மே வரையிலான ஒரு ஆண்டில் மேட்டூர் அணைக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேரும்படி கர்நாடகா திறந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி லிட்டர். மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலே 93.47 டி.எம்.சி.தான். அப்படி இரண்டு முறை நிரப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் தண்ணீர் இது.

சும்மா போட்ட எண் இல்லை. 1980-81 முதல் 1989-90 வரையிலான 10 ஆண்டுகளில் மேட்டூருக்கு வந்த நீரைக் கணக்கெடுத்து, வழக்கத்துக்கு மாறான ஆண்டுகளை நீக்கிவிட்டு எடுத்த சராசரி.

விவசாயிக்கு மொத்தக் கணக்கைவிட மாதக் கணக்குதான் முக்கியம். நாற்றங்கால் காய்ந்த பிறகு ஜனவரியில் எவ்வளவு தண்ணீர் வந்தால் என்ன? அதனால் தீர்ப்பிலேயே மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜூனில் 10.16, ஜூலையில் 42.76, ஆகஸ்டில் 54.72, செப்டம்பரில் 29.36. குறுவைக்கு உயிர் கொடுக்கும் இந்த நான்கு மாதத்துக்கு மட்டும் 137 டி.எம்.சி. வருகிறது. இன்னொரு முக்கியமான வரியும் இருந்தது: கர்நாடகா தன் பாசனப் பரப்பை 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிக்கக்கூடாது.

குடவாசலுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்னை? மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. பிறகு குடமுருட்டி, சோழசூடாமணி போன்ற கிளை ஆறுகள், அதற்குப் பிறகு வாய்க்கால்கள், கன்னிகள். வழியில் இருக்கிறவர்கள் எல்லாம் குடித்த பிறகுதான் கடைமடைக்கு. மேலே ஒரு டி.எம்.சி. குறைந்தால் அதன் வலி முதலில் தெரிவது இங்கேதான்.

இந்தத் தீர்ப்பு எளிதில் வந்துவிடவில்லை. 1983-லேயே உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டியது டெல்டா விவசாயிகளின் சங்கம்தான். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகே, வி.பி.சிங் அரசு 1990 ஜூன் 2-ல் நடுவர் மன்றத்தை அமைத்தது. இடைக்கால நிவாரணம் கேட்டபோது, 'எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை' என்று 1991 ஜனவரியில் நடுவர் மன்றமே கைவிரித்தது. தமிழ்நாடு மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 'மனுவை விசாரியுங்கள்' என ஏப்ரல் 26-ல் உத்தரவு கிடைத்தது. அதன் பலன்தான் ஜூன் 25.

அந்த ஜூன் வாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 21-ம் தேதி நரசிம்ம ராவ் பிரதமர் ஆகிறார். 24-ம் தேதி ஜெயலலிதா முதல்முறையாக முதல்வர் ஆகிறார். 25-ம் தேதி காவிரித் தீர்ப்பு. அதே 25-ம் தேதிதான் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரம் அறிவித்து, யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. அங்கே ஒரு நாடு மாநிலம் மாநிலமாகப் பிரிகிறது. இங்கே ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலங்கள் ஒரு ஆற்றுக்காக மோதத் தயாராகின்றன.

பட்ஜெட்டுக்கு மறுநாள் வந்த அவசரச் சட்டம்

ஜூலை 24-ல் மன்மோகன் சிங் தாக்கல் செய்த பட்ஜெட்டைத் தாராளமயத்தின் தொடக்கம் என்று கொண்டாடுகிறார்கள். டெல்டாவில் அது முதலில் உர மூட்டை விலையாகத்தான் தெரிந்தது. உர விலை சராசரியாக 40% உயரும் என்று அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்டில் 30% ஆகக் குறைத்தார்கள்.

மறுநாளே, ஜூலை 25-ல், அடுத்த அடி. பங்காரப்பா தலைமையிலான கர்நாடக அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நடுவர் மன்றம் என்ன சொன்னாலும் தன் விவசாயிகளுக்கான தண்ணீரைப் பாதுகாத்துக்கொள்ள மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது அது. மழை பொய்க்கிற ஆண்டில் என்ன செய்வது என்று தீர்ப்பில் இல்லையே என்பது கர்நாடகாவின் வாதம். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தீர்ப்பையே சட்டம் போட்டு ஒதுக்குவது அதற்குப் பதில் ஆகாது. குடியரசுத் தலைவர் விவகாரத்தை உச்ச நீதிமன்றத்திடம் அனுப்பினார். நவம்பர் 22-ல், 'அவசரச் சட்டம் செல்லாது' என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. டிசம்பர் 10-ல் மத்திய அரசிதழில் தீர்ப்பு வெளியானது.

இரண்டே நாளில் பெங்களூரு எரிந்தது. டிசம்பர் 12, 13 தேதிகளில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தண்ணீருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்குப் போனவர்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில், டிசம்பர் 25-ல் கோர்பச்சேவ் பதவி விலகினார். மறுநாள் சோவியத் யூனியன் அதிகாரபூர்வமாக முடிந்துபோனது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. அக்டோபரில் தஞ்சாவூர் மாவட்டம் பிரிந்து, நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது. குடவாசல் நாகைக்குப் போய், 1997-ல் திருவாரூர் மாவட்டம் ஆனது. இப்படி ஆறு வருடத்துக்குள் மூன்று மாவட்டத் தலைநகரங்களைப் பார்த்துவிட்டார்கள் ஊர்க்காரர்கள்!

205 இப்போது எவ்வளவு?

மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. பொய்த்த ஆண்டுகளில்தான் சண்டை. 1995-ல் தமிழ்நாடு 30 டி.எம்.சி. கேட்டது, நடுவர் மன்றம் 11 என்றது, கடைசியில் பிரதமர் நரசிம்ம ராவ் 6 என்று முடித்தார். 2007-ல் வந்த இறுதித் தீர்ப்பில் 205 என்பது 192 ஆனது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. பெங்களூருவின் குடிநீர்த் தேவையும், தமிழ்நாட்டில் இருக்கும் நிலத்தடி நீரும் அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்கள். அந்த ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமும் அமைந்தது.

மாதக் கணக்கில் பார்த்தால்தான் இது வயலில் என்ன செய்யும் என்று புரியும். 1991 தீர்ப்பில் ஜூலைக்கு 42.76 டி.எம்.சி. இப்போது 31.24. ஆகஸ்டில் 54.72 இருந்தது 45.95 ஆகிவிட்டது. செப்டம்பரில் மட்டும் 29.36-லிருந்து 36.76 ஆக உயர்ந்திருக்கிறது. ஆனால் ஜூனில் விதைத்த குறுவை செப்டம்பரில் அறுப்புக்கு நெருங்கிவிடும். அதனால்தான் போர்செட் இருப்பவர் மட்டும் குறுவை போடுகிறார், இல்லாதவர் நேராகச் சம்பாவுக்குக் காத்திருக்கிறார்.