ஈரத்தை ஆண்ட வீடுகள்

தி.நகரில் வளரும் குழந்தையிடம் நெல் எங்கே விளையும் என்று கேட்டால் தஞ்சாவூர் என்று சொல்லும். பாடப் புத்தகம் சொல்லிக்கொடுத்த பதில் அது. ஆனால் அந்தக் குழந்தையின் வீடு நிற்கும் இடமே நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிப் படுகை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டில் அந்த ஏரியின் ஞாபகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மண்ணும் நெல்லும் கண்ணில் படாமல் வளரும் நம் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ராவைத்தான் நான் சொல்வேன். அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996-இல் இதைத் திறந்தது. தொடக்க வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. பத்து ஏக்கரில் நிற்கும் வீடுகளில் பல, ஊரில் இடிபட இருந்தவை. கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசலியஸ் 1891-இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த வழி இது.

செட்டிநாட்டுத் தூண்கள், அக்ரகாரத்துத் திண்ணை, தஞ்சைப் பகுதி வேளாண் குடியின் வீடு, கேரளத்து மரச்சுவர் வீடு என்று நடந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு பலரும் திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு அழகும் உண்மை. ஆனாலும் குழந்தைகளோடு போகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: இந்த வீடு ஈரத்தை என்ன செய்தது? ஆறு மாதம் வெயிலும் மூன்று மாதம் அடைமழையுமாக இருக்கும் நாட்டில், ஈரத்தை எங்கே சேர்ப்பது, எங்கிருந்து விரட்டுவது என்பதுதான் குடும்பம் பிழைக்கும் வழி. ஓலைக் கூரையிலிருந்து விதைப்பானை வரை எல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தவை.

பிள்ளைகள் முதலில் ஓடுவது குயவரின் சக்கரத்துக்கு. என் அக்கா மகள் சக்கரத்தில் உட்கார்ந்ததும் கிண்ணத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி மண்ணில் ஊற்றினாள். “போதும் கண்ணு, இன்னும் ஊத்தினா சுவர் உக்காந்துடும்” என்று பெரியவர் அவள் கையைப் பிடித்தார். “தண்ணி இல்லேன்னா கை ஒட்டுதே தாத்தா?” என்றாள் அவள். இரண்டு பேரும் சொன்னது சரி. களிமண்ணின் துகள்கள் உருண்டையாக இருப்பதில்லை. அவை தட்டையான ஏடுகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. ஏடுகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், வழுக்கியபின் நின்ற இடத்தில் நிற்கும். நீர் குறைந்தால் மண்ணில் விரிசல் விழும். கூடினால் ஏடுகள் பிடிப்பை விட்டு மிதக்கத் தொடங்கும், சுவர் சரிந்துவிடும். இடையில் உள்ள பதத்தைக் குயவரின் கட்டைவிரல் அறியும்.

வனைந்த பானையை வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும், தண்ணீரில் போட்டால் மறுபடி சேறுதான். சூளையில் வெந்த பானை கரைவதில்லை. காரணம், மண்ணுக்குள் இரண்டு விதமான நீர் இருக்கிறது. ஏடுகளுக்கு இடையில் உள்ளது வெயிலிலேயே போய்விடும். ஏட்டின் படிக அமைப்பிலேயே கட்டுண்டிருப்பதை வெளியேற்ற 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அது போய்விட்டால் துகள்களின் அமைப்பே மாறிவிடுகிறது, பிறகு மழை அதைச் சேறாக்க முடியாது. கீழடியில் ஈராயிரம் ஆண்டு தாண்டிய பானை ஓடுகள் இன்றும் கையில் எடுக்கும்படி கிடைப்பது இதனால்தான்.

நாட்டுச் சூளையின் சூடு மண்ணை முழுக்க உருக்கிக் கண்ணாடியாக்கும் அளவுக்குப் போவதில்லை. அதனால் பானையின் சுவரில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. கோடையில் மயிலாப்பூர் மாட வீதியிலும் அடையாறு சாலையோரத்திலும் வாங்கி வரும் தண்ணீர்ப் பானை வேலை செய்வது அந்தத் துளைகளால். கசியும் நீரில் ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டியது 4,200 ஜூல். ஆக, இரண்டு கிராம் கசிந்து பறந்தாலே ஒரு லிட்டர் ஒரு டிகிரி இறங்கிவிடும், வெளிச்சூடு குறுக்கே வராதிருந்தால்.

ஆனால் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்குக் காற்று ஒரு எல்லை போடுகிறது. வெப்பம் 38 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் பானைத் தண்ணீர் அதிகபட்சம் 26 டிகிரி வரை குளிரலாம். பிற்பகலில் கடற்காற்று வந்து வெப்பம் 33-ஆகக் குறைந்து ஈரப்பதம் 75-ஆக ஏறிவிட்டால் எல்லை 29 டிகிரி. நமக்கு இதமாக இருக்கும் கடற்காற்று பானைக்குத் தடை. மதுரையில் சில்லென்று இருக்கும் பானை பெசன்ட் நகரில் அப்படி இராததற்குப் பானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆந்திரப் பகுதியில் ஒரு வட்ட வீடு நிற்கிறது. விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர வீடு. மண் சுவர், மேலே கூம்பாக வேய்ந்த கூரை, அதன் விளிம்பு பெரியவர்கள் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். குழந்தைகள் குனியாமலே உள்ளே ஓடிவிடுகிறார்கள். புயல் காற்று தட்டைச் சுவரை நேராக முட்டித் தள்ளும், வளைந்த சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். செங்குத்தான கூரையில் விழும் மழை ஒவ்வொரு தாளிலும் வழிந்து அடுத்த தாளுக்கு இறங்கி விளிம்பில் சொட்டுகிறது. சரிவு போதுமானதாக இருந்தால் மேலடுக்கு மட்டுமே நனையும். மண் சுவருக்கு மழைதான் எமன். தாழ்ந்த விளிம்பு அந்த எமனைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துகிறது.

இத்தனை ஏற்பாடும் கடைசியில் எதைக் காக்க? நெல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். அறுக்கும்போது நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கு மேலும், தண்ணீர். மாதக்கணக்கில் சேர்த்துவைக்க 14 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். நெல் உயிருள்ள விதை. ஈரம் இருந்தால் அது மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு பிறக்கும். காயாத நெல்லைக் குவித்துவைத்து மறுநாள் உள்ளே கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் பூஞ்சையும் வண்டும் பெருகும். டெல்டாவில் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் விவசாயிகள் மழைக்கும் ஈரமானிக்கும் நடுவே தவிப்பது இதனால்தான். விதிப்படி 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மழை கொட்டிய ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதுகிறது.

ஈரமானி வருவதற்கு முன் அளந்தது பல். ஒரு மணியைக் கடித்தால் ‘டிக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில். காய்ந்த நெல் குதிர் என்ற மண் களஞ்சியத்துக்குள் போகும். மேலே கொட்டி, கீழே உள்ள துளை வழியாக எடுப்பார்கள். பழையது முதலில் வெளியேறிவிடும். மண்ணும் வைக்கோலும் சாணமும் சேர்ந்த அதன் சுவர் வெளியே ஈரக்காற்று வீசும்போது கொஞ்சம் ஈரத்தைத் தன்னிடம் வாங்கிவைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் விட்டுவிடும்.

சாப்பாட்டு நெல்லில் ஒரு பகுதியை வேண்டுமென்றே மறுபடி ஈரமாக்கினார்கள். ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து எடுத்தது புழுங்கல். ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டில் உள்ள தயாமின் என்ற பி1 வைட்டமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து குழைந்து, காயும்போது இறுகி, விரிசலை ஒட்டிவிடுவதால் குத்தும்போது நொய் குறையும். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த பல ஊர்களைப் பெரிபெரி நோய் வாட்டியபோது புழுங்கல் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அந்த நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கிய ஆய்வகம்தான் வளர்ந்து இன்று ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

விதைநெல்லுக்கு மட்டும் தனி மரியாதை. அதை வைக்கோலில் சுற்றி, மேலே மண்ணும் சாணமும் பூசிக் கோட்டை கட்டினார்கள். விதையியலில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். நம் கடற்கரைக் காற்றில் என்னதான் கட்டிவைத்தாலும் ஈரம் ஏறத்தான் செய்யும், ஓரிரு ஆண்டில் முளைப்புத் திறன் விழத் தொடங்கிவிடும். செட்டிநாட்டுக் கதவை நூறாண்டு தாண்டியும் நிறுத்திவைக்க ஒரு அருங்காட்சியகத்தால் முடியும். மாப்பிள்ளைச் சம்பாவை அப்படி வைக்க முடியாது, விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2018-இல் மறைந்த ‘நெல்’ ஜெயராமன், திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்களுக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் களத்துக்குத் திரும்பின.

வீடு திரும்பியதும் பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பாரம்பரிய நெல் விற்கும் கடையில் விதைநெல் கொஞ்சம் வாங்குங்கள். நூறு மணிகளை எண்ணி ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பத்து மணியை மட்டும் முன்கூட்டியே வேகவைத்துத் தனித் துணியில் வைத்தால், புழுங்கல் நெல் ஏன் முளைக்காது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. மூன்றாம் நாள் முளை எட்டிப்பார்க்கும், ஒரு வாரத்தில் எண்ணிவிடலாம். வேகவைக்காத தொண்ணூறில் குறைந்தது 72, அதாவது 80 சதவீதம், முளைத்தால் நல்ல விதை. விதைச் சான்றளிப்புத் துறை நெல்லுக்குக் கேட்பதும் அதே 80 சதவீதம்தான்.