ஸ்பீக்கரை மாட்டும் முன்

ஐசி எதுவும் இல்லாமல், தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்தே ஆம்ப்ளிஃபயர் கட்டும் மாணவருக்குக் கடைசி சோல்டர் ஆறியதுமே ஸ்பீக்கரை மாட்டக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் 60 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாக மின்சாரம் கொடுத்து, உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து வெளியீட்டை அளக்க வேண்டும். சிக்னல் இல்லாதபோது அங்கே பூஜ்ஜியம்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. அங்கே நிற்கும் மின்னழுத்தத்தைத்தான் டிசி ஆஃப்செட் என்கிறோம்.

ஒற்றை சப்ளையில் ஓடும் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இந்தக் கவலை இல்லை. வெளியீட்டில் இருக்கும் 2200 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும். பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் என இரட்டை சப்ளை வந்தபிறகு கப்பாசிட்டர் போய்விட்டது; ஸ்பீக்கர் நேராக வெளியீட்டில் நிற்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரின் சுருள் டிசிக்குச் சுமார் 6 ஓம்தான். 30 மில்லிவோல்ட் என்றால் 5 மில்லியாம்ப் ஓடும், பாதகமில்லை. 2.4 வோல்ட் என்றால் 0.4 ஆம்ப், கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும்.

ஆஃப்செட்டைக் கண்டதும் பலர் ஒரு பிரீசெட்டைச் சேர்த்து, திருகிப் பூஜ்ஜியமாக்கி விடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த எண்ணும் அதன் பிளஸ், மைனஸ் குறியும் சர்க்யூட்டில் எங்கே கோளாறு என்று சொல்கின்றன. திருகி மறைத்துவிட்டால் கோளாறு அப்படியே இருக்கும், தடயம் மட்டும் போய்விடும்.

இந்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை 1956இல் எச்.சி. லின் வெளியிட்ட அமைப்பின் வாரிசுகள். அவற்றின் வாசலில் நிற்பது ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி. வால்வு காலத்திலேயே, 1936இல், ஆலன் பிளம்லைன் காப்புரிமை கோரிய அமைப்பு அது. தராசின் இரு தட்டுகள்போல, ஒன்றின் பேஸில் உள்ளீடு, மற்றதன் பேஸில் வெளியீட்டிலிருந்து திரும்பிவரும் பின்னூட்டம். இரண்டும் சமமாகும்வரை சர்க்யூட் வெளியீட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆக, ஜோடியில் எது சமமில்லையோ அது வெளியீட்டில் ஆஃப்செட்டாகத் தெரியும்.

பிசி 557 ஜோடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 மில்லியாம்ப் ஓடுகிறது, மின்னோட்டப் பெருக்கம் 200 என்றால் பேஸ் மின்னோட்டம் 5 மைக்ரோஆம்ப். பின்னூட்ட ரெசிஸ்டர் 22 கிலோ ஓம், அதில் 0.11 வோல்ட் விழும். உள்ளீட்டு பேஸிலிருந்து கிரவுண்டுக்கும் 22 கிலோ ஓம் போட்டிருந்தால் அங்கேயும் அதே 0.11 விழுந்து கணக்கு நேராகிவிடும். உள்ளீட்டு மின்தடை அதிகம் இருக்கட்டும் என்று மாணவர் 100 கிலோ ஓம் போட்டிருந்தால்? அங்கே 0.5 வோல்ட். வெளியீடு பிளஸ் 390 மில்லிவோல்ட்டில் போய் நிற்கும். 100ஐக் கழற்றி 22 போட்டால் போதும்.

மைனஸ் பக்கம் போனால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஜோடியின் கலெக்டர் ரெசிஸ்டரில் விழும் மின்னழுத்தத்தை அடுத்த கட்ட டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்திதான் தீர்மானிக்கிறது, சுமார் 0.65 வோல்ட். 1 மில்லியாம்ப் ஓட 680 ஓம் சரியாக இருக்கும். தவறி 2.2 கிலோ ஓம் போட்டால் உள்ளீட்டுப் பக்கம் 0.35 மில்லியாம்ப்தான் ஓடும், மிச்சம் 1.65 மறுபக்கம் பாயும். இந்த ஏற்றத்தாழ்வால் இரு டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்கள் 40 மில்லிவோல்ட் வேறுபடும். பேஸ் மின்னோட்டங்களும் மாறுவதால், கூட்டிப் பார்த்தால் வெளியீடு மைனஸ் 180ஐ நெருங்கும். ரெசிஸ்டரை மாற்றலாம். இரண்டு டிரான்சிஸ்டர்களால் ஆன கரண்ட் மிரரை அங்கே வைப்பது இன்னும் நல்லது. இரு பக்க மின்னோட்டத்தையும் அது ஏறக்குறைய சமமாகவே வைத்திருக்கும்.

மீட்டர் வோல்ட் கணக்கில் காட்டினால், பின்னூட்டத்தில் 1 கிலோ ஓமுக்குத் தொடராக இருக்க வேண்டிய 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைப் பாருங்கள். அது ஷார்ட் ஆகியிருந்தாலோ, விடுபட்டு அந்த இடத்தில் வெறும் கம்பி இருந்தாலோ டிசியும் 23 மடங்கு பெருகும். உள்ளீட்டில் இருக்கும் அதே 0.11 வோல்ட் வெளியீட்டில் 2.4 வோல்ட்டாக வந்து நிற்கும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஜோடியில் ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். எண் மெல்ல நகரும். விரலை எடுத்தால் மெல்லத் திரும்பும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட் குறையும். ஹீட்சிங்கிலிருந்து எழும் வெப்பமும் இதையே செய்யும். அதனால் இரண்டின் தட்டையான முகங்களையும் ஒட்டவைத்து, ஒரே ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் இறுக்கிவிட வேண்டும். பத்து நிமிடம் சூடேறவிட்டு மறுபடி அளக்கும்போது 20, 30 மில்லிவோல்ட் மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். அதையும் துடைக்க ஆப்-ஆம்ப் கொண்டு டிசி சர்வோ அமைப்பார்கள். கற்றுக்கொள்ளக் கட்டும் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு அது வேண்டாம் என்பேன்.

வெளியீட்டு டிரான்சிஸ்டரே ஷார்ட் ஆனால் இவற்றில் எதுவும் உதவாது. 35 வோல்ட்டும் 6 ஓம் சுருளில் இறங்கும். 200 வாட்டுக்கு மேல். சில நொடிகளில் சுருள் கருகிவிடும். வெளியீட்டில் ஓரிரு வோல்ட் டிசி வந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் ரிலே இதற்கென்றே இருக்கிறது. ஸ்பீக்கர் வயரை அதன் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.